கதிர்வீச்சு பட்ட எலியோட குடல்ல சுக்ரேஸ், லாக்டேஸ் எல்லாம் ஏன் குறையுது? என்சைமே உடைஞ்சு போகுதா?

மான்குர்ட்_மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்எஸ்சி லைஃப் சயின்ஸ் ரெண்டாவது வருஷம், சொந்த ஊரு தென்காசி பக்கம், இப்ப மும்பைல மான்குர்ட் ஸ்டேஷன் பக்கத்துல ரூம் எடுத்து தங்கி படிக்கிறேன். செமினாருக்கு எனக்கு வந்த தலைப்பு, அயனியாக்கும் கதிர்வீச்சு விலங்குகளோட செரிமானப் பாதை என்சைம்கள என்ன பண்ணுதுங்கிறது. படிக்கப் படிக்க குழப்பம்தான் கூடுது, ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையம், பரேல் ஆஸ்பத்திரி பக்கம் வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்க வர்றீங்க, அதான் கேக்குறேன்.

எலிக்கு உடம்பு முழுக்க 8, 10 கிரே காமா குடுத்தா சிறுகுடல்ல சர்க்கரைய உடைக்கிற சுக்ரேஸ், மால்டேஸ், லாக்டேஸ், அப்புறம் பாஸ்பேட்ட வெட்டுற ஆல்கலைன் பாஸ்படேஸ் எல்லாம் குறையுதுன்னு படிச்சேன். காமா கதிர் அந்த என்சைம் மூலக்கூறையே அடிச்சு உடைக்குதா இல்ல வேற ஏதாவது நடக்குதா? கிளாஸ்ல கேட்டா ஃப்ரீ ராடிக்கல் வந்து புரோட்டீன கெடுத்துரும்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, ஆனா அப்படி நேரா கெடுக்குதுன்னா கதிர் பட்ட உடனே குறையணுமே, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஏன் குறையுது? அதுவும் போக ஒரே என்சைம் ஒரு பேப்பர்ல முதல் நாள் கூடியிருக்குன்னு இருக்கு, இன்னொரு பேப்பர்ல மாறவே இல்லன்னு இருக்கு, மூணாவது பேப்பர்ல பாதியா குறைஞ்சிருக்கு. எதை நம்புறது?

அப்புறம் ரத்தத்துல மாவுச்சத்த உடைக்கிற அமைலேஸ் ஏறுதுன்னு போட்டிருக்கு, குடல்ல எல்லாம் இறங்கும்போது இது மட்டும் எப்படி ஏறும்? எல்லாத்துலயும் எலி, சுண்டெலிதான் இருக்கு, ஆடு மாடு நாய்க்கெல்லாம் இதே கதைதானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.


ட்ராம்பே_பழசு:

தம்பி, முதல்ல டோஸ் கணக்கப் பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துரும். ஒரு கிரேன்னா ஒரு கிலோ திசுவுக்கு ஒரு ஜூல் சக்தி, அவ்ளோதான். 10 கிரேங்கிறது ஒரு எலியக் கொல்ற டோஸ், ஆனா அந்தச் சக்தி மொத்தமும் சூடா மாறினாக்கூட உடம்போட வெப்பநிலை 0.0024 டிகிரிதான் ஏறும். இவ்ளோ கம்மி சக்தி ஒரு செல்லுல இருக்கிற கோடிக்கணக்கான புரோட்டீன் மூலக்கூறுல எத்தனையத் தொட்டுட முடியும்? ஒரு என்சைம்ல ஆயிரத்துல ஒண்ணு கெட்டாலும் மீதி 999 வேலை செஞ்சுட்டுதான் இருக்கும், உங்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

காஞ்ச நிலைமையிலயோ உறைஞ்ச நிலைமையிலயோ இருக்கிற என்சைம செயலிழக்க வைக்க பல்லாயிரக்கணக்கான கிரே வேணும். இதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே சாட்சி இருக்கு. கதிர்வீச்சுல ஸ்டெரிலைஸ் பண்ணி ரூம் டெம்பரேச்சர்ல வைக்கிற இறைச்சிக்கு பல பத்தாயிரம் கிரே குடுப்பாங்க, அதுல பாக்டீரியா ஸ்போர் எல்லாம் செத்துரும், ஆனா இறைச்சிக்குள்ள இருக்கிற புரோட்டீன் சிதைக்கிற என்சைம் சாகாது. அதனால கதிர் குடுக்குறதுக்கு முன்னாடி 70 டிகிரிக்கு மேல சூடு பண்ணி என்சைம தனியா அடக்கணும். அவ்ளோ டோஸ் தாங்குற என்சைம் 10 கிரேல உடையும்னு எப்படி சொல்ல முடியும்?

உங்க கிளாஸ்ல சொன்னது எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன், அதுக்கு ஒரு அடிப்படை இருக்கு. 1940ல டேல்னு ஒருத்தர் மான்செஸ்டர்ல சுத்தமான என்சைம தண்ணில ரொம்ப நீர்க்கக் கரைச்சு எக்ஸ்ரே குடுத்தார், அப்ப குறைஞ்ச டோஸ்லயே என்சைம் செயலிழந்துச்சு. கதிர் நேரா என்சைமத் தாக்கல, தண்ணிய உடைச்சு ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டாச்சு, அது போய் என்சைமத் தாக்குச்சு. கரைசல் எவ்ளோ நீர்க்க இருக்கோ அவ்ளோ பங்கு என்சைம் கெடும். ஆனா அதே கரைசல்ல வேற புரோட்டீன் கொஞ்சம் சேத்தா அதுங்க ராடிக்கல வாங்கிக்கும், என்சைம் தப்பிச்சிரும். செல்லுக்குள்ள நிலைமை இந்த ரெண்டாவது மாதிரி, புரோட்டீனும், ராடிக்கலப் பிடிக்கிற குளூட்டாத்தையோனும் நெருக்கியடிச்சு இருக்கு. அதனால டெஸ்ட் ட்யூப்ல நடக்கிறத அப்படியே குடலுக்கு எடுத்துட்டு வரக்கூடாது.

அப்ப என்னதான் நடக்குது? டிஎன்ஏ. மத்த மூலக்கூறு எல்லாத்துக்கும் ஆயிரக்கணக்குல நகல் இருக்கு, டிஎன்ஏவுக்கு ரெண்டே நகல். அது அறுந்தா அந்த செல் பிரிய முடியாது. வேகமா பிரியிற செல்லுக்குத்தான் கதிர் ஜாஸ்தி ஆபத்துன்னு 1906லயே பெர்கோனியே, ட்ரிபோண்டோ ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. சிறுகுடல்ல வேகமாப் பிரியிற செல் எங்க இருக்கு? விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கிற வில்லைக்குக் கீழ கிரிப்ட்னு குழிகள் இருக்கும், அதோட அடியில ஸ்டெம் செல் இருக்கு. எல்ஜிஆர்5ங்கிற அடையாளத்தோட அதுங்கள ஹாலந்துல கிளெவர்ஸ் குழு 2007ல காட்டினாங்க. கிரிப்ட்ல பொறக்கிற செல் தாதர் ஸ்டேஷன் எஸ்கலேட்டர் மாதிரி மேல ஏறிட்டே இருக்கும், ஏறும்போதுதான் முதிரும், முதிரும்போதுதான் என்சைம் தயாரிக்கும், உச்சிக்குப் போனதும் உதிர்ந்து குடலுக்குள்ள விழுந்துரும். சுண்டெலில இந்தப் பயணம் மூணுலேர்ந்து அஞ்சு நாள்ல முடிஞ்சிரும்.

இப்ப 10 கிரே குடுத்தா கீழ கிரிப்ட்ல பிரியிற செல் சில மணி நேரத்துலயே சாக ஆரம்பிச்சிரும். மேல வில்லைல ஏற்கெனவே முதிர்ந்து சுக்ரேஸ், லாக்டேஸ் வச்சிருக்கிற செல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அது இனிமே பிரியப் போறதில்ல, அதனால டிஎன்ஏ அறுந்தாலும் கவலை இல்ல, தன் வேலையப் பாத்துட்டு இருக்கும். ஆனா அதுவும் வழக்கம்போல உதிரும், கீழேருந்து மாத்து ஆளு வராது. ரெண்டாவது நாள், மூணாவது நாள் வில்லை குட்டையாகும், என்சைம் மொத்த அளவு விழும். நீங்க கேட்ட "ஏன் உடனே குறையல"ங்கிறதுக்கு இதுதான் பதில். குவாஸ்ட்லர் 1956ல குடல் கதிர்வீச்சு மரணம் பத்தி எழுதினப்போ இந்தத் தாமதத்த வச்சுத்தான் விளக்கினார். சுண்டெலி மூணுலேர்ந்து அஞ்சாவது நாளுக்குள்ள சாகுறதும் வில்லை காலியாகுற நேரமும் ஒத்துப்போகுது பாருங்க.

சுருக்கமா, என்சைம் உடையல தம்பி, என்சைம் செய்யிற செல்லோட வரத்து நின்னு போச்சு. செமினார் முழுக்க இந்த ஒரு நூலப் பிடிச்சுட்டுப் போங்க.


மான்குர்ட்_மாணவன்:

சார் ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாருமே சொல்லல. ஆனா முதல் நாள் கூடுதுன்னு வர்றது இன்னும் புரியல. வரத்து நின்னா குறையணும் இல்லன்னா அப்படியே இருக்கணும், கூடுறதுக்கு என்ன காரணம்?


பொவாய்_பெஞ்ச்:

இதுக்கு நான் பதில் சொல்றேன், நான் பிஎச்டில எலிக்குடல்ல டைசாக்கரிடேஸ், அதாவது சுக்ரேஸ், லாக்டேஸ் மாதிரி சர்க்கரைய உடைக்கிற என்சைம்கள, அளக்கிற வேலைதான் பாக்குறேன். இது உயிரியல் கேள்விய விட வகுக்குற எண் என்னங்கிற கேள்வி.

பெரும்பாலும் எல்லாரும் குடல வெட்டி, உள்பக்கத்த கண்ணாடி ஸ்லைடால சுரண்டி, அரைச்சு, டால்க்விஸ்ட் முறைல சுக்ரோஸ் சேத்து, வெளிய வர்ற குளுக்கோஸ அளந்து, கடைசில ஒரு மில்லிகிராம் புரோட்டீனுக்கு இவ்ளோ யூனிட்னு போடுவாங்க. அந்த புரோட்டீன்தான் பிரச்சனை. சுரண்டல்ல வில்லை செல்லும் இருக்கு, கிரிப்ட் செல்லும் இருக்கு. சுக்ரேஸ் வில்லை நடுப்பகுதில ஜாஸ்தி, ஆல்கலைன் பாஸ்படேஸ் இன்னும் மேல உச்சி பக்கம், கிரிப்ட்ல ரெண்டுமே இல்லன்னு சொல்ற அளவுக்குக் கம்மி, அங்க தைமிடின் கைனேஸ் மாதிரி செல் பிரிய வேண்டிய என்சைம்தான் இருக்கும். கதிர் குடுத்து முதல் நாள்ல கிரிப்ட் செல் செத்துருச்சுன்னா வகுக்குற புரோட்டீன் குறையும், வில்லை அப்படியே இருக்கு, அப்ப சுக்ரேஸ் ஒரு மில்லிகிராமுக்கு கூடின மாதிரி தெரியும். உண்மைல ஒரு மூலக்கூறு கூட கூடல. அதே சாம்பிள மொத்தக் குடலுக்கு இவ்ளோன்னோ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இவ்ளோன்னோ போட்டா கூடவே கூடாது. நாலாவது அஞ்சாவது நாள்ல உயிர் பிழைச்ச எலில நேர்மாறா நடக்கும், கிரிப்ட் எல்லாம் வெறி பிடிச்ச மாதிரி பெருகும், தைமிடின் கைனேஸ் சாதாரணத்த விட மேல போகும், ஆனா முதிராத செல்லா இருக்கிறதால சுக்ரேஸ் இன்னும் கீழதான் இருக்கும். அதனால பேப்பர் எடுத்தா முதல்ல எதால வகுத்திருக்காங்கன்னு பாருங்க, எத்தனாவது மணி நேரத்துல எலிய எடுத்தாங்கன்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் கூடுச்சா குறைஞ்சுச்சான்னு பாக்கணும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம், ஆனா நிறைய பேர் விட்டுடறாங்க. கதிர் பட்ட எலி சாப்பிடாது. அதோட இரைப்பை காலியாகுறதும் மந்தமாயிடும், சாப்பிட்டது இரைப்பைலயே தங்கிரும். வெறும் பட்டினியே எலிக்குடல்ல டைசாக்கரிடேஸக் குறைக்கும், வில்லையக் குட்டையாக்கும். அப்ப மூணாவது நாள்ல நீங்க அளக்கிற குறைவுல எவ்ளோ கதிரால, எவ்ளோ பட்டினியால? இதப் பிரிக்கணும்னா கதிர் பட்ட எலி நேத்து எவ்ளோ கிராம் தின்னுச்சோ அதே அளவு மட்டும் கதிர் படாத இன்னொரு எலிக்குக் குடுத்து அதோட ஒப்பிடணும். அந்தக் கண்ட்ரோல் இல்லாத பேப்பர்ல இருக்கிற எண்ண நான் பாதிதான் நம்புவேன்.

எலி சாப்பிடற நேரத்த ஒட்டி சுக்ரேஸ் நாளுக்குள்ளயே ஏறி இறங்கும். அதனால எல்லா எலியையும் ஒரே மணிக்கு எடுக்கணும், காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு எடுத்தா டேட்டா குப்பைதான். வயசும் பாக்கணும், பால் மறந்த எலில லாக்டேஸ் ஏற்கெனவே இறங்கிருக்கும், பால்குடி குஞ்சுல சுக்ரேஸ் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. எட்டு வார எலியோட எண்ண பத்து நாள் குஞ்சோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டு சிலர் கிராஃப் போடுறாங்க, அதப் பாத்தா வருத்தமா இருக்கு.


மான்குர்ட்_மாணவன்:

அண்ணா, வகுக்குற எண் விஷயம் எனக்கு தோணவே இல்ல, என்கிட்ட இருக்கிற பேப்பர் எல்லாத்தையும் திரும்ப எடுத்து அந்தக் கண்ணோட பாக்குறேன். ஒரு சின்ன சந்தேகம், உதிர்ந்த செல்லோட என்சைம் குடலுக்குள்ள கொஞ்ச நேரம் வேலை செய்யாதா?


பொவாய்_பெஞ்ச்:

செய்யும். உதிர்ற செல்லோட பிரஷ் பார்டர், அதாவது என்சைம் ஒட்டியிருக்கிற மேல் ஓரம், துண்டு துண்டா குடல் நீர்ல மிதக்கும், அதுல என்சைம் உயிரோட இருக்கும், கடைசில கணைய புரோட்டியேஸ் அத தின்னுரும். அதனாலதான் சுரண்டுறதுக்கு முன்னாடி குளிர்ந்த சலைன் விட்டு குடல நல்லா கழுவணும்னு சொல்றது. கழுவின தண்ணிய வீணாக்காம அதுலயும் என்சைம் அளந்தா உதிர்வு எவ்ளோன்னு ஒரு அந்தாஸ் கிடைக்கும்.


பரேல்_கால்நடை:

தம்பி நான் கால்நடை டாக்டர், ஆடு மாடு நாய்னு கேட்டதால வந்தேன்.

முதல்ல அமைலேஸ். எச்சில் சுரப்பில சீரஸ் செல்னு ஒரு வகை இருக்கு, அமைலேஸ் பொட்டலம் பொட்டலமா அதுக்குள்ள அடைச்சு வச்சிருக்கும். பெரியவர் சொன்ன 1906 விதிப்படி பாத்தா அது பிரியவே பிரியாத முதிர்ந்த செல், கதிர தாங்கணும். ஆனா தாங்காது, சில மணி நேரத்துலயே சாகும், இதுல ஆராய்ச்சிக்காரங்க பல வருஷமா மண்டைய உடைச்சுக்கிறாங்க. செத்ததும் உள்ள இருந்த அமைலேஸ் ரத்தத்துல கசியும், ஒரு நாள் வாக்குல உச்சத்துக்குப் போயி அப்புறம் சில நாள்ல இறங்கிரும். மனுஷங்களுக்கு தலை கழுத்துல கதிர் சிகிச்சை குடுத்த மறுநாள் ரத்தம் எடுத்தா இது நல்லாத் தெரியும், விபத்துல யாருக்கு எவ்ளோ டோஸ் பட்டுச்சுன்னு சீக்கிரமா ஊகிக்கவும் இத ஒரு அடையாளமா வச்சிருக்காங்க. அதனால ரத்தத்துல ஏறுறதும் குடல்ல இறங்குறதும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல, ரெண்டு இடத்துலயும் செல் சாகுது, ஒரு இடத்துல சாகுற செல் சரக்க ரத்தத்துல கொட்டுது, இன்னொரு இடத்துல சரக்கு குடல் வழியா வெளிய போயிடுது.

ஆனா நாய்க்கு இந்த டெஸ்ட் உதவாது, நாய் எச்சில்ல அமைலேஸ் இல்லன்னே சொல்லலாம், அதோட ரத்தத்துல இருக்கிறது வேற உறுப்புலேர்ந்து வர்றது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் எச்சில் அமைலேஸ் கிடையாது. இன்னொண்ணு கேளுங்க, ஆடு மாடு ரெண்டுக்கும் சிறுகுடல்ல சுக்ரேஸே கிடையாது. எலி பேப்பரப் பாத்துட்டு யாராவது ஆட்டுக்குடல்ல சுக்ரேஸ் அளக்கப் போனா கதிர் குடுக்கிறதுக்கு முன்னாடியே பூஜ்யம்தான் வரும். ஒவ்வொரு பிராணிக்கும் அதோட தீனிக்கு ஏத்த என்சைம்தான் இருக்கு, அதனால எலில பாத்தத அப்படியே எடுத்துட்டுப் போய் எல்லா விலங்குக்கும் ஒட்டக் கூடாது.

அசை போடுற பிராணில ரூமன்ங்கிற முதல் வயித்தோட சுவர் எந்த செரிமான என்சைமும் சுரக்காது, புல்லுல இருக்கிற செல்லுலோஸ உடைக்கிறது முழுக்க உள்ள வாழுற நுண்ணுயிர். பாக்டீரியா எலிய விடப் பல மடங்கு கதிர தாங்கும், 10 கிரேல அதுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. அப்ப மாட்டுக்கு ஆபத்து எங்கிருந்து வருது? தீனிலேர்ந்து. அணுகுண்டு சாம்பல் விழுந்த புல்ல மேஞ்சா என்ன ஆகும்னு அமெரிக்கால ஓக் ரிட்ஜ்ல செம்மறியாடுங்க மேல பாத்தாங்க, மணல்ல இட்ரியம்-90 ஒட்ட வச்சு தீவனத்துல கலந்து குடுத்தாங்க. அது பீட்டா கதிர், திசுவுக்குள்ள சில மில்லிமீட்டர்தான் போகும், ஆனா மணல் ரூமன்லயும் நாலாவது வயித்துலயும் போய் தங்கிட்டதால அந்தந்த இடத்துச் சுவர் புண்ணாச்சு, ஆடுங்க தீனிய விட்டுச்சு, கழிச்சல் ஆச்சு. உடம்பு முழுக்க காமா குடுத்தா வர்ற குடல் நோய்க்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம், முதல்லதுல சிறுகுடல் கிரிப்ட் அடி வாங்குது, இதுல ரூமனும் நாலாவது வயிறும். செமினார்ல இந்த ரெண்டையும் தனித்தனி ஸ்லைடா போடுங்க.

கணையம் பத்தி யாரும் சொல்லல. கணைய செல் அபூர்வமாத்தான் பிரியும், அதனால முதல் வாரத்துல ட்ரிப்சின், லைபேஸ் எல்லாம் பெருசா மாறாது, அங்க பாதிப்பு மாசக்கணக்குல மெதுவா வர்ற ஃபைப்ரோசிஸ், அதாவது திசு நார் நாரா இறுகிப் போறது. ஆனா கணையம் நல்லா இருக்கிறதே குடலுக்கு வினையாகிடுது, அதத்தான் கவனிக்கணும். மேல்தோல் போன குடல்மேல ட்ரிப்சினும் பித்த உப்பும் கொட்டினா புண்ணு இன்னும் மோசமாகும். 1960கள்ல எலிக்கு பித்த நாளத்த திருப்பி விட்டு கதிர் குடுத்துப் பாத்தாங்க, கழிச்சல் குறைஞ்சுச்சு. கணைய நீரத் தடுத்தாலும் குடல் காயம் குறையுதுன்னும் காட்டினாங்க. பின்னாடி ஆக்ட்ரியோடைட் மாதிரி மருந்தால கணைய சுரப்ப அடக்கிப் பாத்ததும் இந்த வழிலதான். என்சைம் குறையுறது மட்டும்தான் கெடுதல்னு நினைக்காதீங்க, இருக்கக்கூடாத நேரத்துல இருக்கிற என்சைமும் கெடுதல்தான்.


சயன்_வீட்டுக்காரி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு சயின்ஸ் அவ்ளோவா தெரியாது. என் மாமியாருக்கு கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ரேடியேஷன் ஓடிட்டு இருக்கு, இப்ப மூணாவது வாரம், ரெண்டு டம்ளர் பால் காபி குடிச்சா வயிறு உப்பிட்டு வயித்தால போகுது, முன்னாடி அவங்களுக்கு பால் நல்லா ஒத்துக்கும். நீங்க எல்லாம் பேசுற லாக்டேஸ் இதுதானா?


பரேல்_லினாக்:

அக்கா, நான் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட், மன்னிப்பெல்லாம் எதுக்கு. ஆமா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இந்த சிகிச்சைல ஒரு நாளைக்கு 1.8 இல்லன்னா 2 கிரேன்னு வாரத்துக்கு அஞ்சு நாள் குடுத்து மொத்தம் 45லேர்ந்து 50 கிரே வரைக்கும் போவாங்க, ஒரே அடியா குடுக்காததால குடல் நடுவுல கொஞ்சம் கொஞ்சம் தேறிக்கும், ஆனா இடுப்புக்குள்ள இருக்கிற சிறுகுடல் பகுதில மேல்தோல் மெலிஞ்சிருக்கும். சுக்ரேஸ், மால்டேஸ் எல்லாம் தாராளமா இருக்கும், லாக்டேஸ் பெரியவங்களுக்கு ஆரம்பத்துலயே கம்மி, குடல் காயத்துல முதல்ல இறங்கி கடைசில தேறுறதும் அதுதான். ரேடியேஷன் நேரத்துல கழிச்சலுக்கு பித்த உப்பு சரியா உறிஞ்சப்படாம போறது, தொற்றுன்னு வேற காரணமும் உண்டு, அதனால நீங்களா முடிவு பண்ணாம நாளைக்கு போகும்போது டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் கண்டிப்பா சொல்லுங்க, எத்தனை தடவை போச்சு, ரத்தம் இருந்துச்சா, எடை குறைஞ்சிருக்கான்னு எழுதிட்டுப் போங்க. பால நிறுத்திப் பாக்கலாமான்னும் கேளுங்க. தயிர்ல பாக்டீரியா லாக்டோஸக் கொஞ்சம் ஏற்கெனவே உடைச்சிருக்கும், நிறைய பேருக்கு பால விட மோர் ஒத்துக்குது. தண்ணி, உப்பு குறையாம பாத்துக்குங்க.

தம்பிக்கு ஒண்ணு, கதிர்லேர்ந்து திசுவக் காக்கிற அமிஃபாஸ்டின்னு ஒரு மருந்து இருக்கு, வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சில வந்தது, பழைய பேரு டபிள்யூஆர்-2721. ஊசில போறப்ப அது வேலை செய்யாத வடிவத்துல இருக்கும், செல் மேல இருக்கிற ஆல்கலைன் பாஸ்படேஸ்தான் அதுல இருக்கிற பாஸ்பேட்ட வெட்டி வேலை செய்யிற தையால் வடிவமா மாத்தும். சாதாரண திசுல இந்த என்சைம் கட்டிய விட ஜாஸ்தி, அதனால பாதுகாப்பு சாதாரண திசுவுக்கு ஜாஸ்தியா கிடைக்கும்ங்கிறதுதான் யோசனை. நீங்க குறையுதுன்னு அளக்கிற அதே குடும்பத்து என்சைம் இங்க மருந்தோட சாவியா இருக்கு, உங்க தலைப்புக்கு நேரா பொருந்தும்.


சயன்_வீட்டுக்காரி:

ரொம்ப நன்றி தம்பி, நாளைக்கே கேட்டுடறேன். எழுதி வச்சுட்டேன்.


வாஷி_மசாலா:

விலங்குன்னா பூச்சியும் சேத்திதானே, நான் நவி மும்பைல உணவு கதிர்வீச்சு சம்பந்தமான வேலைல இருக்கேன். நாங்க மசாலாவுக்கு குடுக்குறது 6லேர்ந்து 14 கிலோகிரே (ஒரு கிலோகிரேன்னா ஆயிரம் கிரே), மாம்பழத்துக்கு அதுல சின்னப் பங்குதான். 2007லேர்ந்து அமெரிக்கா போற நம்ம மாம்பழத்துக்கு குறைஞ்சது 400 கிரே. எலி 10 கிரேல சாகுது, ஆனா மாங்கொட்டை வண்டுக்கு 400 குடுத்தும் உடனே சாகணும்னு யாரும் எதிர்பாக்கல, இனப்பெருக்கம் நின்னா போதும்ங்கிறதுதான் கணக்கு. முதிர்ந்த பூச்சி உடம்புல பெரும்பாலான செல் பிரியிறதே இல்ல, அதான் இவ்ளோ தாங்குது. ஆனா நடுக்குடல்ல மட்டும் புதுப்பிக்கிற செல் கூட்டம் கூட்டமா இருக்கும், செரிமான என்சைம் சுரக்குற செல் தேஞ்சு போகப் போக அதுலேர்ந்துதான் புதுசு வரும். வண்டு வகைல கதிர் பட்டா அந்தக் கூட்டம் செத்துரும், கொஞ்ச நாள்ல நடுக்குடல் சுவர் காலியாகும், வண்டு தீனி எடுக்காம சாகும்.

அமெரிக்கால பருத்திக் காய் வண்ட மலடாக்கி வெளிய விட்டு ஒழிக்கலாம்னு முயற்சி பண்ணப்போ இதுதான் பெரிய தடையா இருந்துச்சு, மலடாக்குற டோஸ்லயே நடுக்குடல் போயிடுது, விட்ட ஆண் வண்டு பலமா இருந்து இணை தேடணும், அதுக்கு முன்னாடியே செத்துரும். டோஸப் பிரிச்சுப் பிரிச்சு குடுத்துப் பாத்தாங்க, அப்ப நடுக்குடல் கொஞ்சம் தாக்குப்பிடிச்சுச்சு. ட்ராம்பே சார் எலிக்கு சொன்ன அதே கதை பூச்சிக்குள்ளயும் நடக்குது.


மான்குர்ட்_மாணவன்:

எல்லாரும் இவ்ளோ நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பூச்சி, ஆடு, எலி மூணையும் வச்சு "எந்த செல் பிரியுது"ங்கிற ஒரே கேள்விய சுத்தி செமினார அமைக்கப் போறேன். கடைசியா ஒண்ணு, இந்த மாற்றத்த எல்லாம் பாக்க ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு எலிக் கூட்டத்தக் கொல்ல வேண்டியிருக்கு. ஒரே எலிய வச்சு தொடர்ந்து பாக்க வழி இருக்கா? யாராவது கண்டிப்பா இதக் கேப்பாங்க.


ட்ராம்பே_பழசு:

இருக்கு தம்பி, நீங்களா இதக் கேட்டதுல சந்தோஷம். ரத்தத்துல சிட்ருலின்னு ஒரு அமினோ அமிலம், அது பெரும்பாலும் சிறுகுடல் மேல்தோல் செல்லுலேர்ந்துதான் ரத்தத்துக்கு வருது. வில்லை காலியாகக் காலியாக ரத்த சிட்ருலின் விழும், மேல்தோல் தேறினா அதுவும் ஏறும். வால்லேர்ந்து சில துளி ரத்தம் போதும், எலி உயிரோட இருக்கும், மனுஷங்களுக்கும் இதே அளவுகோல்தான். டயமைன் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைமும் இருக்கு, அது வில்லை உச்சி செல்லுல ஜாஸ்தி, ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்கும், குடல் மேல்தோல் குறைஞ்சா அதுவும் குறையும்.

ஆனா இது ரெண்டும் சொல்றது எவ்ளோ மேல்தோல் மிச்சம் இருக்குங்கிறத மட்டும்தான். சுக்ரேஸ் எவ்ளோ, லாக்டேஸ் எவ்ளோன்னு தனித்தனியா சொல்லாது, கிரிப்ட் பிழைச்சுதான்னும் நேரா சொல்லாது. கிரிப்ட் கணக்குக்கு இன்னைக்கும் விதர்ஸ், எல்கைண்ட் 1970ல குடுத்த முறைதான், கதிர் குடுத்து மூணரை நாள் கழிச்சு குடல குறுக்கா வெட்டி, சாயம் ஏத்தி, மறுபடி முளைச்ச கிரிப்ட் எத்தனைன்னு வட்டத்துல எண்றது. அதுக்கு எலிய எடுத்துத்தான் ஆகணும். பரிசோதனையா பண்ணீங்கன்னா தினமும் சிட்ருலின் பாத்து, அது கீழ விழுந்து நிக்கிற நாள்லயும் மறுபடி ஏற ஆரம்பிக்கிற நாள்லயும் மட்டும் என்சைமுக்கு எலி எடுங்க, எலி எண்ணிக்கை நல்லாவே குறையும், எத்திக்ஸ் கமிட்டில இத விளக்கிக் குடுத்தா அவங்களுக்கும் திருப்தியா இருக்கும். பொவாய் தம்பி சொன்ன அளவா தீனி குடுக்குற கண்ட்ரோல மட்டும் விட்டுடாதீங்க, அந்த எலிக்கும் அதே நாள்ல சிட்ருலின் எடுங்க.